கிழக்கில் எண்ணெய்க் குழாய், எரிவாயுக் குழாய்: மட்டக்களப்பு, அம்பாறை மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலை எண்ணெய்க் குதங்கள் (பெரிய சேமிப்புத் தாங்கிகள்) பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் வாகரையிலிருந்து பொத்துவில் வரை ஒரே கேள்வி எழுகிறது: "குழாய் எங்கட காணிக்குள்ளாலயும் வருமா?" விவசாய அமைப்புகளின் கூட்டங்களிலும் மீனவர் சங்கங்களிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். குழாயே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வரைபடத்தில் கோடு விழுந்த பிறகு நாம் பேசுவதற்கு மதிப்புக் குறைவு. அதற்கு முன்பே நம் ஆட்களுக்கு விஷயம் முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உண்மையிலேயே எங்கள் மாவட்டங்களுக்குள் குழாய் வரப்போகிறதா?

2023 ஜூலையில் இலங்கையும் இந்தியாவும் வெளியிட்ட தொலைநோக்கு ஆவணத்தில், தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்குப் பெற்றோல், டீசல் போன்ற பலவகை எரிபொருளைக் கொண்டுவரும் குழாய் பற்றிப் பேசப்பட்டது. 2024 டிசம்பர் கூட்டறிக்கையில் ஐக்கிய அரபு அமீரகமும் அதில் சேர்ந்தது. 2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் மூன்று நாடுகளும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இந்த ஆவணங்களில் குழாய் பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டக்களப்பு, அம்பாறை என்ற பெயர்கள் இல்லை.

அதற்காக இந்தக் கேள்விக்கு இடமே இல்லை என்று ஆகிவிடாது. திருகோணமலையில் இறங்கும் எண்ணெய் அங்கேயே தங்கப் போவதில்லை. கொழும்புக்குப் போவதென்றால் ஹபரணைப் பக்கமாகப் போவதுதான் குறுக்கு. அப்படியானால் நம் பக்கம் வராது. மட்டக்களப்புக் களஞ்சியத்தை நேரடியாக இணைக்க நினைத்தால் வெருகல், வாகரை, வாழைச்சேனை வழியாக ஏ15 வீதியை ஒட்டி வரும் 130 கிலோமீற்றர் அளவான பாதைதான் இயல்பான தெரிவு. தெற்கே அம்பாந்தோட்டையில் பெரிய சுத்திகரிப்பு நிலையம் ஒன்றுக்குச் சீன நிறுவனத்துடன் 2025 ஜனவரியில் உடன்பாடு ஆகியிருக்கிறது. திருகோணமலையையும் அம்பாந்தோட்டையையும் ஒரு நாள் இணைக்க நினைத்தால் இடையில் இருப்பது கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில். இது என் கணிப்பு மட்டுமே, அறிவிக்கப்பட்ட திட்டம் இல்லை.

எண்ணெய்க் குழாயும் எரிவாயுக் குழாயும் ஒன்றா? வீட்டுக்கு காஸ் குழாயில் வருமா?

இரண்டும் வேறு. எண்ணெய்க் குழாயில் பெற்றோலும் டீசலும் மண்ணெண்ணெயும் ஒன்றன்பின் ஒன்றாக, மனிதன் நடக்கும் வேகத்தில் போகும். எரிவாயுக் குழாயில் போவது மீதேன் என்ற இயற்கை எரிவாயு, அதுவும் மிக உயர்ந்த அழுத்தத்தில். வீட்டில் நாம் எரிக்கும் 12.5 கிலோ சிலிண்டரில் இருப்பதோ புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வேறு வாயு. கசிந்தால் சிலிண்டர் வாயு தரையோடு தங்கும், மீதேன் மேலே எழும்பிப் போகும். அதனால் பாதுகாப்பு முறைகளும் வேறு வேறு.

வீட்டுக்கு வருமா என்றால், வீடுகள் நெருக்கமாக இருக்கும் நகரங்களில்தான் அது கட்டுப்படியாகும். கிராமங்களுக்குள் பெரிய குழாய் ஓடினாலும் அதிலிருந்து அடுப்புக்கு இணைப்புக் கொடுக்க மாட்டார்கள். அழுத்தத்தைக் குறைக்கும் நிலையம், சின்னக் குழாய் வலை எல்லாம் தனியாக வேண்டும். ஆகவே "காஸ் வீட்டுக்கே வரும்" என்று யாராவது சொல்லிக் கையெழுத்துக் கேட்டால், அதை எழுத்தில் கேளுங்கள்.

இலங்கை இன்னும் இயற்கை எரிவாயு எடுக்கும் நாடாக ஆகவில்லை. 2011இல் மன்னார்ப் படுகையில் இரண்டு இடங்களில் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. அது இன்றுவரை எடுக்கப்படவில்லை. கிழக்குக் கடலிலும் ஆய்வுகள் நடந்தன. அவ்வளவுதான்.

இப்போது நம் பெற்றோல் செட்டுக்கு எரிபொருள் எப்படி வருகிறது?

பெரும்பாலும் கொழும்புப் பக்கமிருந்து. கொலன்னாவை எண்ணெய்க் களஞ்சியத்திலிருந்து ரயில் பெட்டிகளில் மாகோ, கல்லோயா, பொலன்னறுவை, வெலிக்கந்தை வழியாக மட்டக்களப்புக் களஞ்சியத்துக்கு வந்து, அங்கிருந்து பவுசர்களில் (தாங்கி லொறிகளில்) ஊர்களுக்குப் போகிறது. அந்த ரயில் பாதை யானைக் காட்டுக்குள் போகிறது. 2024 அக்டோபரில் மட்டக்களப்புக்கு எண்ணெய் ஏற்றிவந்த ரயில் மின்னேரியாப் பக்கம் யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டது, யானைகளும் செத்தன. குழாய்க்கு ஆதரவாகப் பேசுபவர்கள் இதைச் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஒரே அளவு எண்ணெயைக் கொண்டுபோக வீதியையும் ரயிலையும் விடக் குழாயில் விபத்துக் குறைவு. ஆனால் விபத்து நடந்தால் ஒரே இடத்தில் வெளியேறும் அளவு மிகப் பெரிது. இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

குழாய் வந்தால் விலை குறையுமா? வரிசை இல்லாமல் போகுமா?

2022இல் நாம் நாட்கணக்கில் வரிசையில் நின்றது குழாய் இல்லாததால் இல்லை, எண்ணெய் வாங்க டொலர் இல்லாததால். குழாய் எவ்வளவு நீளமாக இருந்தாலும் உள்ளே ஊற்ற எண்ணெய் வாங்கியாக வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை, நாடு முழுவதற்கும் அறிவிக்கும் ஒரே விலையில் போக்குவரத்துச் செலவு ஒரு சின்னப் பங்குதான். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் ஏறியபோது, கல்குடாவிலும் வாகரையிலும் வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் கரையிலேயே கிடந்தன. அந்த ஏற்றத்துக்குக் காரணம் மானியம் நீக்கப்பட்டது. இப்படியான முடிவுகளை எடுப்பது கொழும்பு. குழாய் பக்கத்து வயலுக்குள்ளால் போகிறது என்பதற்காக அந்த ஊருக்குத் தனி விலை கிடைக்காது. யாராவது அப்படிச் சொன்னால் நம்ப வேண்டாம்.

திருகோணமலையில் இவ்வளவு பெரிய குதங்கள் இருக்க, ஏன் இத்தனை காலம் பயன்படுத்தவில்லை?

பிரித்தானியர் ஆண்ட காலத்தில் அவர்களின் கடற்படைக்காகக் கட்டியவை அவை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானத் தாக்குதலில் ஒரு குதம் எரிந்தது. இப்போது இருப்பவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கனமீற்றர் கொள்ளும். 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி 14 குதங்கள் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கை நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி. வசம், 24 இலங்கை அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், மீதி 61 குதங்களை இருவரும் சேர்ந்த கூட்டு நிறுவனம் அபிவிருத்தி செய்யும். அந்த நிறுவனத்தில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம். பல குதங்கள் காட்டுக்குள் துருப்பிடித்து நிற்கின்றன, திருத்தப் பெரும்பணம் வேண்டும். அந்தக் குதங்கள் நிறைந்தால்தான் தெற்கே குழாய் என்ற பேச்சுக்கே அர்த்தம் வரும். ஆகவே குதங்களின் திருத்த வேலை எவ்வளவு தூரம் போகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தால் குழாயின் காலத்தையும் ஓரளவு ஊகிக்கலாம்.

குழாய் வயலுக்குள்ளால் போனால் வேளாண்மைக்கு என்ன ஆகும்?

இதுதான் எனக்கு மிகவும் கவலையான பகுதி. நிறுவனங்கள் கொண்டுவரும் விளக்கப் புத்தகங்களில் இது இரண்டு வரிகளில் முடிந்துவிடும்.

வேலை நடக்கும்போது 20 மீற்றர் அளவு அகலமான பட்டை வெறுமையாக்கப்படும். அதில் பள்ளம் வெட்டி, பற்றவைத்த குழாயை இறக்கி, குழாயின் மேலே குறைந்தது 1 மீற்றர் மண் இருக்கும்படி மூடுவது பொதுவான வழக்கம். முடிந்ததும் அதன்மேல் நெல் விதைக்கலாம் என்பார்கள். விதைக்கலாம்தான். ஆனால் தண்ணீர் நிற்குமா?

வயலில் தண்ணீர் நிற்பதற்குக் காரணம், தலைமுறையாக உழுதும் மிதித்தும் இறுகிய அடிமண் படை. பள்ளம் வெட்டும்போது அந்தப் படை உடைகிறது. மேல்மண்ணையும் அடிமண்ணையும் கலந்து போட்டு மூடினால், அந்தப் பட்டை முழுவதும் தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். மேலே மணலும் களியும் கலந்த மண் கிடந்து பயிர் மஞ்சளிக்கும். பெரும்போகத்தில் மழை அதை மறைத்துவிடும். சிறுபோகத்தில் வாய்க்கால் தண்ணீருக்கு நாள் குறித்து நிற்கும்போதுதான் இழப்புத் தெரியும். ஆகவே மேல்மண்ணைத் தனியாக எடுத்துக் குவித்து, அடிமண்ணைப் படை படையாக இறுக்கி, கடைசியில் மேல்மண்ணைப் போட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். நட்டஈடு ஒரு போகத்துக்கு என்று முடிக்கக் கூடாது. குறைந்தது மூன்று நான்கு போகம் விளைச்சலைப் பார்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

அடுத்தது வாய்க்கால். ஒரு வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) குழாய் குறுக்கே போனால், குழாய் போகாத காணிக்காரனுக்கும் பாதிப்பு உண்டு, ஏனென்றால் தண்ணீர் அந்த வழியாகத்தான் வருகிறது. வாய்க்காலை வெட்டித் திருப்பிய பிறகு மட்டம் ஒரு சாண் மாறினாலும் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாது. அளவெடுக்க வருகிறவர்களுடன், வயல்களுக்குத் தண்ணீர் விடுவதைப் பார்க்கும் வட்டை விதானையும் நடந்து போக வேண்டும். எந்த மதகு எந்த வயலுக்கு என்பது அளவையாளரின் வரைபடத்தில் இருக்காது. வேலைக்காலம் அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையில் என்று போக ஆரம்பக் கூட்டத்திலேயே முடிவு செய்து பதிவு செய்யவும் வேண்டும்.

இன்னொன்று, குழாய் மிதக்கும். 12 அங்குல எஃகுக் குழாய் ஒரு மீற்றர் நீளம் 50 கிலோ அளவு நிறை. அது தள்ளும் தண்ணீரோ 80 கிலோவுக்கு மேல். உள்ளே டீசல் இருந்தால் தாழும், எரிவாயு இருந்தால் மேலே எழும்பப் பார்க்கும். நம் வயல்களும் வில்லுகளும் (தாழ்வான நீர்நிலைகளும்) மாரியில் வாரக்கணக்கில் வெள்ளத்தில் கிடப்பவை. எரிவாயுக் குழாய் என்றால் கொங்கிறீற் பூச்சோ பாரமோ போட்டு அழுத்துகிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

என்னுடையது பெர்மிட் காணி. உறுதியும் போரில் போய்விட்டது. நட்டஈடு கிடைக்குமா?

நம் பகுதியில் பாதிப்பேரின் கேள்வி இது. பெர்மிட் காணி என்றால் அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி.

1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின்படி அரசு காணியை முழுதாகவும் எடுக்கலாம், காணி உங்களிடமே இருக்க அதன்மேல் குழாய் கொண்டுபோகும் உரிமை போன்ற ஒன்றை மட்டும் எடுக்கவும் முடியும். இரண்டாவது வகையில் கவனம் வேண்டும். காணி உங்கள் பெயரில்தான் இருக்கும். ஆனால் அந்தப் பட்டையில் வீடு கட்டவோ கிணறு வெட்டவோ ஆழ வேர்விடும் மரம் வைக்கவோ விட மாட்டார்கள். தென்னை வைத்திருப்பவர்களுக்கு அது காணியை இழப்பதற்குச் சமம்.

காணியை எடுக்க அரசு எண்ணுகிறது என்று சொல்லும் நான்காம் பிரிவு அறிவித்தல் வந்தால் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுக்கக் குறைந்தது 14 நாள் அவகாசம் தருவார்கள். அந்த நாட்களைத் தவற விடாதீர்கள். 38ஆம் பிரிவின் கீழ் அவசரம் என்று சொல்லி, நட்டஈடு தீர்மானிக்க முன்பே காணியை எடுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே அறிவித்தல் ஒட்டப்பட்ட நாளிலேயே கிராம உத்தியோகத்தரிடம் பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெர்மிட் காணியின் மூல உரிமை அரசிடம் இருக்கிறது என்பது உண்மை. அதற்காகப் பயிரும் கிணறும் வீடும் உங்களுடையவை இல்லை என்று ஆகாது. 2001ஆம் ஆண்டின் தேசிய மீள்குடியேற்றக் கொள்கை, உறுதிப்பத்திரம் இல்லாதவர்களையும் நியாயமாக நடத்த வேண்டும் என்று சொல்கிறது. கொள்கை சட்டம் இல்லைதான், ஆனால் பேச்சுவார்த்தையில் மேசையில் வைக்கக் கூடிய ஆவணம். பெர்மிட் பிரதி, கமநல சேவை நிலையத்தின் ஏக்கர் வரிப் பதிவு, பசளை மானியப் பதிவு, மின்பட்டியல், வாக்காளர் பட்டியல் என்று உங்கள் இருப்பைக் காட்டும் எதையும் விட்டுவிடாமல் சேர்த்து வையுங்கள்.

தமிழ்நாட்டில் விவசாயிகள் குழாயைத் தடுத்தார்களே, அது என்ன ஆனது?

கொச்சியிலிருந்து பெங்களூருக்குப் போகும், இந்திய அரசு நிறுவனமான கெயிலின் எரிவாயுக் குழாய் கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களின் விளைநிலங்களுக்குள் வரைபடமாகியிருந்தது. இந்தியாவில் 1962ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நிலத்தில் 'பயன்பாட்டு உரிமை'யை மட்டும் எடுக்க அனுமதிக்கிறது. அதற்குச் சந்தை மதிப்பில் 10 வீதமும் பயிர்ச் சேதமும் கொடுப்பார்கள். விவசாயிகள் 2013இல் கடுமையாகப் போராடினார்கள். நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு போங்கள் என்று மாநில அரசும் சொன்னது. கடைசியில் 2016இல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எனக்கு இதில் தெரிவது ஒன்றுதான்: பாதை தீர்மானமாகிவிட்ட பிறகு அரசின் ஆதரவே கையில் இருந்தாலும் மாற்றுவது கடினம். வீதி ஓரம் என்ற கோரிக்கையை நாம் முதல் நாளே வைக்க வேண்டும்.

களப்பையும் ஆறுகளையும் எப்படிக் கடக்கும்? மீன்பிடி பாதிக்குமா?

வெருகல் ஆறு, பனிச்சங்கேணி, உப்பாறு, வாழைச்சேனைக் களப்பு என்று வடக்கில் மட்டுமே பல கடவைகள். 50 கிலோமீற்றருக்கு மேல் நீளும் மட்டக்களப்பு வாவி தெற்கே கல்லாறு வரை போகிறது. கடக்க மலிவான வழி, தண்ணீருக்குள் பள்ளம் தோண்டிப் புதைப்பது. சேறு கலங்கி, கண்டல் வெட்டுப்பட்டு, இறால் குஞ்சு வளரும் இடம் போய்விடும். செலவு கூடிய வழி, ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு அடியில் ஆழமாகத் துளையிட்டுக் குழாயை இழுப்பது. களப்பிலும் ஆற்றிலும் இந்த இரண்டாவது முறை மட்டும்தான் என்று மீனவர் சங்கங்கள் பிடியாக நிற்க வேண்டும் என்பது என் கருத்து.

துளையிடும்போதும் களிமண் குழம்பு மேலே வெடித்து வரலாம், அதையும் கண்காணிக்க ஆள் வேண்டும். பெருவெள்ளத்தில் ஆறு அடியை அரித்துக்கொண்டு போகும். முகத்துவாரம் வெட்டிவிடும்போது நீர் பாயும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வறட்சியில் அளந்த ஆழத்தை நம்பிப் புதைத்த குழாய் ஒரு மாரியில் வெளியே தெரியலாம். 2011 வெள்ளத்தின் மட்டத்தையாவது அடிப்படையாக வைக்க வேண்டும்.

கரையோரத்தில், உயர் நீர் மட்டத்திலிருந்து உள்ளே 300 மீற்றரும் தாழ் நீர் மட்டத்திலிருந்து கடலுக்குள் 2 கிலோமீற்றரும் கரையோர வலயம். அங்கே 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கரையோரத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

குழாய் கசிந்தால் என்ன நடக்கும்?

நீங்களே போட்டுப் பார்க்கக் கூடிய ஒரு கணக்கு. 12 அங்குலக் குழாய் ஒரு கிலோமீற்றருக்குள் ஏறத்தாழ 75,000 லீற்றர் எண்ணெய் நிற்கும். 33,000 லீற்றர் பவுசர் இரண்டுக்கும் மேல். இரண்டு வால்வுகளுக்கு இடையில் 20 கிலோமீற்றர் என்றால் 15 லட்சம் லீற்றர், 45 பவுசர். எல்லாமே வெளியேறாது, ஆனால் துளை தாழ்வான இடத்தில் விழுந்தால் இரு பக்கத்து மேட்டிலிருந்தும் அங்கேதான் வடியும். நம் பக்கத்தில் தாழ்வான இடம் என்றால் குளம், வாய்க்கால், களப்பு. ஆகவே ஒவ்வொரு ஆற்றுக்கும் களப்புக்கும் இரு கரையிலும் தூரத்திலிருந்தே மூடக் கூடிய வால்வு வேண்டும். பேச்சுவார்த்தையில் ஒரே ஒரு விஷயம்தான் கேட்க முடியும் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்.

மூடும் நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மார்ஷல் என்ற ஊர் சாட்சி. 2010 ஜூலையில் அங்கே 30 அங்குலக் குழாய் வெடித்தது. தொலைவில் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி அடித்தது. குழாய்க்குள் வெற்றிடம் விழுந்திருக்கும் என்று நினைத்து இரண்டு முறை திரும்பவும் எண்ணெயை ஓட்டினார்கள். 17 மணி நேரம் கழித்து, வேறொரு நிறுவனத்தின் ஊழியர் தொலைபேசியில் சொன்ன பிறகுதான் மூடினார்கள். 30 லட்சம் லீற்றருக்கு மேல் ஆற்றுக்குள் போயிருந்தது. அமெரிக்காவிலேயே இப்படி என்றால், மணம் வருகிறது என்று முதலில் சொல்லப்போவது நம் ஊர் ஆட்கள்தான். அவர்கள் யாருக்கு அழைப்பது, எடுப்பவருக்குத் தமிழ் தெரியுமா, அழைத்தவுடன் குழாயை நிறுத்தும் அதிகாரம் அந்த ஆளுக்கு இருக்கிறதா? மூன்றுக்கும் திட்ட அறிக்கையில் பதில் இருக்க வேண்டும்.

சின்னக் கசிவு இன்னும் பொல்லாதது. பெரிய வெடிப்பில் அழுத்தம் குறைவதைக் கருவி காட்டும். ஊசித்துளை அளவு கசிவை அது பிடிக்காது, மாதக்கணக்கில் மண்ணுக்குள் இறங்கும். எழுவான்கரையில் (வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட பக்கத்தில்) நம் கிணறுகள் மணலில் சில மீற்றர் ஆழத்தில் இருப்பவை. மேலே ஊற்றியது நேரே கீழே போகும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்ததாக எழுந்த வழக்கை நினைத்துப் பாருங்கள். குடிதண்ணீருக்கு மக்கள் பல வருடம் அலைந்தார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பல கிராமங்களின் நிலத்தடி நீருக்கு 2 கோடி என்பது என்ன தொகை என்று நீங்களே யோசியுங்கள்.

கடலோரத்துக்கு உதாரணம் தமிழ்நாட்டின் நாகூர். 2023 மார்ச்சில் பட்டினச்சேரிக் கடற்கரையில் புதைத்திருந்த கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்து கடலில் கலந்தது. அடைத்துத் தருகிறோம் என்றார்கள். குழாயையே எடுத்துவிடுங்கள் என்று மீனவர்கள் நின்றார்கள்.

எரிவாயுக் குழாய் வெடிக்குமா?

அரிதாக வெடிக்கும். 2014 ஜூன் 27 அதிகாலை ஆந்திராவின் நகரம் என்ற கிராமத்தில் குழாய் வெடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உள்ளே ஈரம் சேர்ந்து துருப்பிடித்ததும், கசிவு பற்றிய எச்சரிக்கைகளை அலட்சியம் செய்ததும் காரணங்கள். துருவைத் தடுக்க வெளியே பிளாஸ்ரிக் பூச்சும் மெல்லிய மின்னோட்டமும் கொடுப்பார்கள். உள்ளே சோதனைக் கருவி ஓடவிட்டுத் தடிப்பைப் பார்ப்பார்கள். எங்கள் உப்பு மண்ணில் எஃகு சீக்கிரம் அரிக்கும். ஆகவே எத்தனை வருடத்துக்கு ஒரு முறை அந்தச் சோதனை, முடிவு பிரதேச சபைக்கு வருமா என்று கேளுங்கள். நீண்ட தூரக் குழாய்களில் பெரும்பாலும் மணப்பொருள் சேர்ப்பதில்லை, அதனால் மூக்கை நம்ப முடியாது. நிலத்தடியிலிருந்து சீறும் சத்தம், வரண்டு கருகிய புல், வயல் தண்ணீரில் ஓயாத குமிழி இவைதான் அடையாளம். கண்டால் பீடி பற்றவைக்காமல், மோட்டார் சைக்கிளை முடுக்காமல், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக நடந்து விலகுங்கள்.

வேலைவாய்ப்புக் கிடைக்குமா?

பள்ளம் வெட்டும் சில மாதங்களுக்குக் கூலி வேலை கிடைக்கும். பற்றவைப்பு, ஊடுகதிர்ப் பரிசோதனை போன்றவற்றுக்குப் பயிற்சி பெற்றவர்களை வெளியிலிருந்து கொண்டுவருவார்கள். ஓடத் தொடங்கிய குழாய்க்கு மிகக் குறைந்த ஆட்களே போதும். வேலை தொடங்க ஒரு வருடம் முன்பே நம் பெடியன்களுக்குப் பற்றவைப்புச் சான்றிதழ்ப் பயிற்சி கொடுங்கள் என்று கேட்பது பயனுள்ள கோரிக்கை. ஒலுவில் துறைமுகத்துக்கும் பெரிய வாக்குறுதிகள் வந்தன. 2013இல் திறந்தார்கள்; துறைமுக வாயை மணல் மூடியது, வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னந்தோப்புகளைக் கடல் தின்றது.

மக்கள் கருத்தை எப்போது, எப்படிச் சொல்வது?

1 கிலோமீற்றருக்கு மேல் நீளமான எண்ணெய் அல்லது எரிவாயுக் குழாய் 1993ஆம் ஆண்டு வர்த்தமானியின்படி சுற்றாடல் அனுமதி வேண்டிய திட்டம். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும் தமிழ், சிங்கள, ஆங்கிலப் பத்திரிகைகளில் அறிவித்தல் வரும். அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் யாரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். நீங்கள் எழுதியவற்றுக்குத் திட்டக்காரர் பதில் கொடுத்தாக வேண்டும். பொது விசாரணை வைப்பது அதிகாரிகளின் விருப்பம், ஆனால் நிறையப் பேர் எழுதிக் கேட்டால் மறுப்பது கடினம்.

முப்பது நாள் மிகக் குறைவு. அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும். "எங்களுக்கு இது வேண்டாம்" என்று ஒரே கடிதத்தில் ஆயிரம் பேர் கையெழுத்துப் போடுவதைவிட, பத்துப் பேர் பத்து இடத்தைக் குறித்து எழுதுவது பலமானது. இந்த மதகு, இந்தக் கிணறு, இந்தக் கோயில் குளம், இந்த மேய்ச்சல் தரை என்று சொல்லி எழுதினால் அதற்குத் தனித்தனியாகப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். மாட்டுப் பண்ணையாளர்கள் இதில் வழக்கமாக விடுபட்டுப் போகிறார்கள். மேய்ச்சல் தரைக்கு உறுதி இல்லை என்பதால் வரைபடத்தில் அது வெறும் நிலமாகத் தெரியும்.

சூரிய மின்சாரம் வரும் காலத்தில் குழாய் எதற்கு?

நியாயமான கேள்வி. 2030க்குள் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து என்பது அரசின் இலக்கு. மறுபக்கம், உழவு இயந்திரமும் படகும் லொறியும் இன்னும் பல வருடம் எண்ணெயில்தான் ஓடும். குழாயின் ஆயுளோ 40 வருடம். 20 வருடத்தில் அது தேவையில்லாமல் போனால் யார் தோண்டி எடுப்பது? எடுக்காமல் விட்டால் உள்ளே சுத்தம் செய்து அடைப்பது யார் செலவில்? அதற்கான பணத்தைத் திட்டம் தொடங்கும்போதே ஒரு கணக்கில் போட்டு வைக்க வேண்டும், விபத்து நட்டஈட்டுக்கும் அப்படியே. எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 2021இல் கொழும்புக்கு அருகே கடலில் எரிந்தது. 100 கோடி டொலர் கொடுக்க வேண்டும் என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பு 2025 ஜூலையில்தான் வந்தது. நம் மீனவர் வீட்டு அடுப்பு அவ்வளவு காலம் பொறுக்காது.

இன்னும் திட்டமே வரவில்லை. இப்போது செய்ய ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, செலவும் அதிகம் இல்லை. கிணற்றுத் தண்ணீரை இப்போதே ஒரு முறை பரிசோதித்து அறிக்கையை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கெட்டால், முன்பு நன்றாக இருந்தது என்று நிரூபிக்க அது ஒன்றே வழி. ஊர்க் கிணறுகள் சிலவற்றுக்குச் சங்கமே சேர்ந்து செய்யலாம். வயலின் விளைச்சலைப் போகவாரியாக எழுதி வையுங்கள். கரைவலைப் பாடுகள், இறால் பிடிக்கும் இடங்கள், வாய்க்கால்கள், மேய்ச்சல் தரைகள் இவற்றை ஊர்ப் பெரியவர்களோடு நடந்து போய்க் கைபேசியில் இடம் குறித்து ஒரு வரைபடமாக்கிப் பிரதேச செயலகத்தில் ஒரு பிரதி கொடுத்து, கிடைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும் மத்திய சுற்றாடல் அதிகார சபையிடமும் நேராகக் கேட்கலாம்: எங்கள் பிரதேச செயலகப் பிரிவு ஊடாக எண்ணெய் அல்லது எரிவாயுக் குழாய் பற்றி ஏதாவது ஆய்வு நடக்கிறதா, நடந்தால் வரைபடப் பிரதி தாருங்கள். தமிழில் எழுதலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் முதலில் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அங்கும் கிடைக்காவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. "அப்படி ஒரு ஆய்வும் இல்லை" என்று பதில் வந்தாலும் திகதியோடு பத்திரப்படுத்துங்கள், ஆறு மாதம் கழித்து அதே கேள்வியைத் திரும்பவும் அனுப்புங்கள்.